மணமேடை ஏறிய பள்ளிக்கூடத்துச் சீர்

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கம்பெனியில் கொடுக்கிற லீவு லெட்டர்தான். (அதுவும் மூன்று வரியைத் தாண்டியதில்லை. காய்ச்சல் என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் விளக்குவதற்கு என்ன இருக்கிறது?) நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. அப்படிப்பட்டவன் நாலு பேர் படிக்கும்படி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். ஆனாலும், "நம்ம பள்ளிக்கூடம் மாதிரி சின்னப் பள்ளிக்கூடமெல்லாம் எப்படி நெலைச்சி நிக்குதுன்னு கேக்கறாங்க, கலியமூர்த்தி. நீங்க எழுதிக் குடுங்க" என்று எங்கள் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அவர் சொன்னால் மாட்டேன் என்று சொல்லுகிற தைரியம் எனக்கு இல்லை. எங்கள் ஊரில் யாருக்கும் இல்லை.

அந்தக் கேள்விக்கு என்னிடம் யோசனையாக எதுவும் கிடையாது. எனக்கு நேர்ந்த ஓர் அவமானம்தான் இருக்கிறது. அதை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் புதுச்சேரிக்கு மேற்கே, வில்லியனூரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். எல்லாரும் நெல்லும் கரும்பும் போட்டுக்கொண்டிருந்தவர்கள். இப்போது பாதிப் பேர் விடிந்தும் விடியாததுமாக பஸ் பிடித்து டவுனுக்கு வேலைக்குப் போகிறோம். நான் உழவர்கரையில் ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியில் இருக்கிறேன். ஊரில் ஐந்தாவது வரைக்கும் ஓர் அரசுப் பள்ளி. இரண்டு அறை, இரண்டு டீச்சர், இருபத்திரண்டு பிள்ளைகள்.

தலைமையாசிரியை பெயர் மர்கரீத். பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்தே டவுனில் இருக்கிற குடும்பம். தினமும் பஸ்ஸில் வருவார். கோபம் வந்தால் அடிக்க மாட்டார், பிரெஞ்சில் எண்ணுவார். "அன்... தெ..." என்று இரண்டு வரைக்கும்தான் பிள்ளைகள் நின்றுகொண்டிருக்கும். "த்ருவா" வருவதற்குள் எல்லாம் உட்கார்ந்திருக்கும். (ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில் சத்தம் அதிகமாகிவிட்டது என்று எண்ண ஆரம்பித்தார். நாங்களும் உட்கார்ந்துவிட்டோம்.)

அந்த வருடம் ஒரு பேச்சு கிளம்பியது. பிள்ளைகள் குறைவாக உள்ள பள்ளிகளைப் பக்கத்துப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். பெரிய பள்ளி மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. காலை நேரத்தில் அந்த ரோட்டில் லாரியும் காலேஜ் பஸ்ஸும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும். பெரியவனான நானே கடப்பதற்கு முன் ஒருமுறை சாமியைக் கும்பிட்டுக்கொள்வேன். என் மகள் பூவிழி அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்தவள். நானும் என் மனைவி தனமும் ஏழு மணிக்கெல்லாம் வேலைக்குக் கிளம்புகிறவர்கள். பள்ளி போய்விட்டால், தனம் வேலையை விட வேண்டும், இல்லையென்றால் பூவிழி அந்த ரோட்டைத் தனியாகக் கடக்க வேண்டும். ஊரில் முக்கால்வாசி வீட்டில் இதே நிலைமைதான்.

இதைப் பற்றிப் பேசக் கூட்டம் கூடியது. பெற்றோர் சங்கத்துக்குத் தலைவர் வேண்டும் என்றார்கள். ஆளாளுக்கு ஒருவர் பெயரைச் சொல்ல, ஒவ்வொரு பெயருக்கும் இன்னொருவர் மறுப்புச் சொல்ல, ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. நான் சுவரோரம் உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒருவர் எழுந்து, "இவ்ளோ நேரமா ஒரு வார்த்த பேசாத மனுசன் கலியமூர்த்தி ஒருத்தருதான். அவரே இருக்கட்டும்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பேசாமல் இருந்ததற்காக ஒருவனைப் பேச வேண்டிய பதவியில் உட்கார வைத்தார்கள். அதையும் வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பேச்சு வரவில்லை.

சீர் எடுக்கலாம் என்பதும் அந்தக் கூட்டத்தில் முடிவானதுதான். பெண்ணுக்குத் தாய்வீட்டில் சீர் எடுப்பது மாதிரி பள்ளிக்கூடத்துக்கும் ஊர்கூடிச் சீர் எடுப்பது இப்போது பல ஊர்களில் நடக்கிறது. கல்வித் துறையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பள்ளியை நேரில் பார்க்க வருவதாக இருந்தது. அவர் வருகிற நேரத்தில் மேளதாளத்தோடு ஊரே சீர் கொண்டுவந்து இறக்கினால், இந்த ஊருக்கு இந்தப் பள்ளி எவ்வளவு முக்கியம் என்று அவர் கண்ணாலேயே பார்த்துவிடுவார். அப்புறம் மூடச் சொல்ல அவருக்கு மனசு வருமா? வீட்டுக்கு ஒரு பொருள் என்று ஒத்துக்கொண்டார்கள். ஒரு பீரோ, பத்து நாற்காலி, இரண்டு ஃபேன், ஒரு சுவர்க் கடிகாரம், தண்ணீர் ஃபில்டர், உலக உருண்டை, சாக்பீஸ், நோட்டுகள். எங்கள் வீட்டுப் பங்கு உலக உருண்டை.

மர்கரீத் டீச்சர் அதிகாரியிடம் பேசி நாள் கேட்டார். வருகிற வாரத்தில் எந்த நாளானாலும் சரி என்று சொல்லிவிட்டாராம். உடனே ஊரில் காலண்டரைப் புரட்டி, வெள்ளிக்கிழமை நல்ல முகூர்த்தம் என்று குறித்துக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துச் சீருக்கு முகூர்த்த நாள் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சீர் என்றால் நல்ல நாளில்தான் எடுக்க வேண்டும். நல்ல நாள் என்றால் அது எல்லாருக்கும் நல்ல நாள்தான் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பொருள்களை டவுனிலிருந்து கொண்டுவருகிற பொறுப்பு தலைவர் என்ற முறையில் என் தலையில் விழுந்தது. திட்டம் சுலபமானது. உழவர்கரையில் பீரோவும் நாற்காலியும் மற்ற சாமான்களும் ஏற்ற வேண்டும். பெரிய மார்க்கெட் பக்கத்தில் தட்டு அலங்காரம் செய்கிற கடையில் கொடுத்திருந்த தட்டுகளை வாங்கிக்கொள்ள வேண்டும். எட்டரை மணிக்கு நெல்லித்தோப்பு முனையில் பேண்டு செட்டை ஏற்றிக்கொண்டு, ஒன்பதரைக்கெல்லாம் ஊர் எல்லைக்கு வந்துவிட வேண்டும். அதிகாரி வருவது பத்து மணிக்கு.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் சரிகைத் துண்டு. தனம்தான் கட்டிவிட்டாள்.

"இன்னிக்காவது வாயத் தொறந்து பேசுங்க. அதிகாரி வந்தா வணக்கம்னு சத்தமா சொல்லணும். எங்க, சொல்லுங்க பாப்போம்."

"வணக்கம்."

"பக்கத்துல நிக்கற எனக்கே கேக்கல" என்றாள்.

தட்டு அலங்காரக் கடையில் இருந்த பெண் நல்ல கைவேலைக்காரி. பழம், பூ, வெற்றிலை பாக்கோடு நோட்டுகளையும் சாக்பீஸ் டப்பாக்களையும் கோபுரமாக அடுக்கிக் கண்ணாடிக் காகிதம் சுற்றி, ரோஜா நிற ரிப்பன் கட்டியிருந்தாள். உலக உருண்டைக்கு மல்லிகைச் சரம் சுற்றி உச்சியில் குங்குமம் வைத்திருந்தாள். இருபத்தொரு தட்டு. டெம்போவின் முன்சீட்டில் உலக உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பேண்டு செட்காரர் போனில், "சிவப்புச் சட்ட போட்டுக்கினு நிப்போம்ணே" என்று சொல்லியிருந்தார். நெல்லித்தோப்பு முனையில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு பத்துப் பேர் நின்றார்கள். (புதுச்சேரியில் பேண்டு வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் சிவப்புச் சட்டைதான் போடுவார்கள். இது எனக்கு மறுநாள்தான் தோன்றியது.)

டிரம்பெட் வைத்திருந்தவர் ஓடிவந்து, "சீர் வண்டிதானண்ணே?" என்றார்.

"ஆமாங்க."

"லேட்டு ஆச்சின்னு எல்லாம் காத்துக்கினு கெடக்கறாங்க. வாங்க, வாங்க."

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. எங்கள் ஊரும் காத்துக்கொண்டுதான் இருந்தது. அவர்கள் டெம்போவில் ஏறாமல், முன்னால் நடந்து வாசிக்க ஆரம்பித்தார்கள். டிரைவர் என்னைப் பார்த்தார்.

"இன்னாண்ணே, வில்லியனூர் தாண்டி நடந்தேவா போவப் போறாங்க?"

"கொஞ்ச தூரம் மங்களகரமா வாசிச்சிட்டு ஏறிக்குவாங்க போல."

"ஒரு வார்த்த கேளுங்களேன்."

கேட்டிருக்கலாம். இறங்கி நாலு எட்டு நடந்து, 'எங்கே போறீங்க?' என்று கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. வாசிக்கிறவரை நடுவில் நிறுத்தினால் தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்று எனக்குக் கூச்சம். "பின்னாடியே போங்க" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு தெரு தாண்டித் திரும்பினார்கள். வாழைமரம் கட்டிய கல்யாண மண்டபம் ஒன்று எதிரே வந்தது. வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டிருக்கிற ஃப்ளெக்ஸ். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. திருப்பச் சொல்லுவதற்கு வாயெடுத்தேன். அதற்குள் என் பக்கத்துக் கதவை யாரோ திறந்து, உலக உருண்டையோடு என்னைக் கீழே இறக்கிவிட்டார்கள். கரும்பச்சைப் பட்டுக் கட்டிய ஓர் அம்மாள் ஆலத்தி சுற்றி என் நெற்றியில் பொட்டு வைத்தார். (நான் தட்டில் பத்து ரூபாய் போட்டேன். கை தானாகப் போய்விட்டது.)

"அம்மா, இது பள்ளிக்கூடத்துக்கு..." என்றேன்.

பேண்டு சத்தத்தில் அந்த அம்மாள் காதைப் பக்கத்தில் கொண்டுவந்தார். "இன்னாங்க?"

"பள்ளிக்கூடம்! பள்ளிக்கூடத்துக்கு எடுத்தது!"

அவர் உருண்டையைப் பார்த்தார். சாக்பீஸ் தட்டுகள் வரிசையாக உள்ளே போவதைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. பின்னால் திரும்பி, "ஏ, பொண்ணு பள்ளிக்கூடத்துல வேல பாக்குதாம்டி! நம்மகிட்ட ஒருத்தரும் சொல்லல பாரேன்!" என்றார்.

அவர் மாப்பிள்ளை வீட்டுக்காரர். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண்ணின் தாய்மாமன் என்று நினைத்தார்கள். பெண் வீட்டார் நான் மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனுஷன் என்று நினைத்தார்கள். இரண்டு வீட்டாரும் மரியாதை தெரிந்தவர்கள், அதனால் யாரும் என்னிடம் நீ யார் என்று கேட்கவில்லை. ஐந்தே நிமிடத்தில் பீரோ மேடை ஏறிவிட்டது. பத்து நாற்காலிகளையும் வந்தவர்களுக்கு விரித்துப் போட்டுவிட்டார்கள். உலக உருண்டையை மணமக்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், குத்துவிளக்குக்கு இணையாக வைத்தார்கள்.

யாரையாவது தனியாகப் பிடித்து மெதுவாகச் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். கல்யாண வீட்டில் தனியாக யாரும் இருப்பதில்லை. ஒரு தூணோரம் நின்றேன். ஒருவர் வந்து கையைப் பிடித்தார். "மொதல்ல சாப்பிடுங்க மாமா. அப்புறம்தான் எல்லாம்." நான் திமிறினேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் அதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தார். இலையில் பொங்கல் விழுந்தது. வடை விழுந்தது. விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் ஊர் எல்லையில் என் ஊர் சனமெல்லாம் நின்றுகொண்டிருந்தது. நான் இரண்டாவது வடை வாங்கிக்கொண்டேன். எதிர் வரிசையில் டெம்போ டிரைவர் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. தனம். அதற்கு முன் பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

"எங்க இருக்கீங்க?"

"சாப்பிட்டுக்கினு இருக்கேன்."

"என்னாது?"

"நெல்லித்தோப்புல ஒரு கல்யாணம்..."

"யாரு கல்யாணம்?"

"தெரியல."

அவள் போனை வைத்துவிட்டாள். பிற்பாடு சொன்னாள், அந்த நேரத்தில் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனாளாம். எங்கள் பேண்டு செட் பத்து நிமிடம் கழித்து முனைக்கு வந்து, வண்டியைக் காணோம் என்று ஷேர் ஆட்டோ பிடித்து ஊருக்கே போய்விட்டதாம். சீர் இல்லாமல் வெறும் மேளம் மட்டும் ஊர்வலமாக வந்தபோது அதிகாரியின் ஜீப்பும் வந்து நின்றதாம்.

கை கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது வாசலில் கூச்சல். இன்னொரு டெம்போ நின்றது. அதிலும் ஒரு பீரோ இருந்தது. அதிலிருந்து என்னைப் போலவே வெள்ளை வேட்டி, சரிகைத் துண்டோடு, ஆனால் என்னைப் போல் இரண்டு மடங்கு உடம்போடு ஒருவர் இறங்கிக் கத்திக்கொண்டிருந்தார்.

"தாய்மாமன் நான் வர்றேன், பேண்டு இல்ல, ஆலத்தி இல்ல, நாதி இல்ல! கேட்டா, தாய்மாமன் சீரு அப்பவே மேடைக்கிப் போயிடுச்சாம்! எனக்குத் தெரியாம எவன்யா அது இன்னொரு தாய்மாமன்?"

பெண்ணின் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். "எனக்கு நீ ஒருத்தன்தானேடா தம்பி!"

மாப்பிள்ளை வீட்டு ஆள்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர், "அப்போ பொண்ணுக்கு பீரோ எடுத்தாந்த அந்த ஆளு யாரு? அவுருக்கும் பொண்ணுக்கும் இன்னா சம்பந்தம்?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்டதாக இப்போது நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி விழுந்த இடத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மேடையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். மணக்கோலத்தில் இருந்த பிள்ளை, ஒன்றும் புரியாமல், கண் கலங்கித் தலை குனிந்துகொண்டது.

என் வாழ்க்கையில் நான் வெட்கப்பட்ட தருணங்கள் நிறைய. ஆனால் என் வெட்கத்தால் இன்னொரு வீட்டுப் பெண் தலை குனிந்தது அன்றைக்குத்தான்.

"நான்தாங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். மூன்றாவது முறை, வீடியோ எடுக்கிற ஆள் கேட்டுவிட்டு விளக்கை என் முகத்தில் திருப்பினார். பாட்டுக் கச்சேரிக்காக வைத்திருந்த மைக்கை யாரோ என் கையில் திணித்தார்கள். அவசரத்தில் மைக் என் பல்லில் இடித்து, மண்டபம் முழுக்க 'டக்' என்று கேட்டது. நான் பேசிய முதல் சொற்பொழிவு அந்த 'டக்'கோடு ஆரம்பித்தது.

"எம்பேரு கலியமூர்த்தி. இந்தப் பொண்ணுக்கு நான் ஒண்ணும் ஆவமாட்டேன். இதுக்கு முன்ன பாத்ததுகூட இல்ல. சத்தியமா. இது எங்க ஊரு பள்ளிக்கூடத்துக்கு எடுத்த சீரு. நடுவுல பேண்டுக்குப் பின்னாடி வந்துட்டேன். வாசல்லியே சொல்லியிருக்கணும். எனக்குச் சொல்ல வரல. இருபத்திரண்டு புள்ளைங்க படிக்குதுங்க. இல்லன்னா மூடிடுவாங்க. எம்பொண்ணு ரோடு தாண்டணும். பத்து மணிக்கே அதிகாரி வந்திருப்பாரு. நான் இங்க வடை சாப்பிட்டுக்கினு இருந்துட்டேன். எல்லாரும் மன்னிச்சிக்குங்க. பீரோவ மட்டுமாவது குடுத்துடுங்க."

அதற்கு மேல் வரவில்லை. தாய்மாமன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்போ அந்த ஒலக உருண்ட?"

"அதுவும் எங்களுதுதாங்க."

பெண்கள் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடக்க முடியாமல் இன்னொருவர். அப்புறம் அந்தப் பெரியவரே சிரித்துவிட்டார். மேடையில் மணப்பெண் தலை நிமிர்ந்தாள். தாய்மாமன் மட்டும் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பள்ளிக்கூடத்துச் சீர வெச்சிக்கினு என் அக்கா பொண்ணு வாழ்ந்துடுமா? தூக்குங்கடா வண்டில" என்றார்.

ஆனால் தூக்க விடவில்லை. கரும்பச்சைப் பட்டு அம்மாள் குறுக்கே வந்து நின்றார். "மேட ஏறின சீரு தாலி ஏறாம எறங்கக் கூடாது. அபசகுனம்." அவரோடு இன்னும் நாலு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். தாய்மாமனே வாயை மூடிக்கொண்டார். முகூர்த்தம் முடியப் பத்தரை ஆகும். சற்றுமுன்தான் ஒரு சொற்பொழிவு ஆற்றிய தைரியசாலி, அந்த ஐந்து அம்மாள்களையும் பார்த்துவிட்டுப் பழையபடி தூணோரம் போய் நின்றான்.

ஆகவே நான் அந்தக் கல்யாணத்தைப் பார்த்தேன். தாலி கட்டும்போது அட்சதை போட்டேன். பிறகு ஃபோட்டோ எடுப்பவர் பீரோவை நகர்த்தினால் பின்னணி கெட்டுவிடும் என்றார். அதற்கு இருபது நிமிடம். ஒருவழியாக நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராக எழுப்பி, எண்ணி ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது மணி பதினொன்றேகால். கிளம்பும்போது தாய்மாமன் டெம்போவுக்குள் ஒரு பெரிய பாத்திரம் லட்டு வைத்தார். "புள்ளைங்களுக்கு" என்றார். அதைத் தவிர அவர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அதுவே பெரிய மனசு.

ஊருக்குத் திரும்புகிற இடத்தில் எதிரே ஒரு ஜீப் வந்தது. மரியாதைக்கு ஒதுங்கி வழி விட்டோம். அது அதிகாரியின் ஜீப் என்பது பிறகுதான் தெரியும்.

பள்ளிக்கூட வாசலில் ஊரே நின்றது. எங்கள் பேண்டு செட் மரத்தடியில் டிரம்மைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தது. எல்லாரும் என் நெற்றியில் இருந்த கல்யாணப் பொட்டைப் பார்த்தார்கள். தனம் பக்கத்தில் வந்து, "கல்யாணம் நல்லா நடந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் மர்கரீத் டீச்சருக்கு முன்னால் போய் நின்றேன். அவர் எண்ண ஆரம்பிப்பதற்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"போயிட்டாரா டீச்சர்?"

"போயிட்டாரு. பத்து மணிக்கு வந்தாரு. இதோ வந்துடும் சார், இதோ வந்துடும்னு சொல்லிக்கினே இருந்தேன். ஒண்ணே முக்கா மணி நேரம் அந்த மனுசன் சும்மா எப்படி உக்காருவாரு? ஒங்க பூவிழியக் கூப்பிட்டு, ஒரு பக்கம் படின்னாரு. படிச்சா. அடுத்த ஆளக் கூப்பிட்டாரு. அப்புறம் அடுத்தது. இருபத்திரண்டையும் படிக்க வெச்சிட்டாரு."

"எல்லாம் படிச்சிதுங்களா?"

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் படிக்காது? தெனம் சாப்பாட்டுக்கு முன்ன எங்கிட்ட ஒவ்வொண்ணா நின்னு படிக்குதுங்க இல்ல?"

இது எனக்குத் தெரியாது. பெற்றோர் சங்கத் தலைவருக்கு, பள்ளியில் பீரோ இல்லை என்று தெரிந்திருந்தது, ஃபேன் இல்லை என்று தெரிந்திருந்தது. தன் மகள் தினமும் ஒரு டீச்சரின் மேசைக்குப் பக்கத்தில் தனியாக நின்று ஒரு பக்கம் படிக்கிறாள் என்பது தெரியவில்லை. ஒன்றாவது படிக்கிற ஒருவன் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி அரைப் பக்கத்துக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டானாம். மற்ற பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லையாம், எடுத்துக் கொடுக்கவும் இல்லையாம். அவன் முடிக்கிற வரைக்கும் அதிகாரியும் காத்திருந்தாராம். "எப்படிம்மா இது?" என்று கேட்டதற்கு டீச்சர், "இருபத்திரண்டு பேருதானே சார். நேரம் இருக்கு" என்று சொன்னாராம். அவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாராம்.

"நீங்க நேரத்துக்கு வந்திருந்தா மாலய போட்டு, போட்டோ புடிச்சி, பத்து நிமிசத்துல அனுப்பி வெச்சிருப்போம்" என்றார் டீச்சர். என் முகம் கொஞ்சம் தெளிந்ததைப் பார்த்துவிட்டு உடனே சேர்த்துக்கொண்டார்: "அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு ஆயிடாது, கலியமூர்த்தி."

ஆகவில்லை. அடுத்த கூட்டத்தில் தலைவரை மாற்றிவிட்டார்கள். நன்றாகப் பேசுகிற ஒரு பெண்ணைப் போட்டார்கள். எனக்கு அன்றைக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. இரண்டு மாதம் கழித்து, எங்கள் பள்ளியை இப்போதைக்குச் சேர்ப்பதில்லை என்று கடிதம் வந்தது. இதுவரை சேர்க்கவில்லை. அடுத்த வருடம் என்ன என்பது எனக்குத் தெரியாது. பூவிழி ஐந்தாவது முடித்து, ரோட்டைக் கடக்கிற வயதுக்கு வந்துவிட்டாள். இப்போது மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் படிக்கிறாள்.

வீட்டில் மட்டும் இது ஓயவில்லை. முகூர்த்த நாள் வந்தால் தனம் என்னைத் தனியாக டவுனுக்கு அனுப்புவதில்லை. பொங்கல், தீபாவளி வந்தால், எல்லாருக்கும் துணி எடுத்து முடித்த பிறகு, கடைக்காரர் காதில் விழும்படி கேட்பாள்: "ஒங்க அக்கா பொண்ணுக்கு ஒரு பொடவ எடுக்கலியா?" பூவிழியும் சேர்ந்துகொண்டு சிரிப்பாள். எனக்கு அக்காவே கிடையாது.

இனி மறுநாள் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மறுநாள் சனிக்கிழமை. பீரோவைத் திறக்கலாம் என்று போனால் சாவி இல்லை. மண்டபத்துக்குப் போன் செய்தேன். பீரோ சாவியை வழக்கப்படி பெண் கையில் கொடுத்துவிட்டார்களாம். பஸ் பிடித்து நெல்லித்தோப்பில் பெண்ணின் தாய்வீட்டுக்குப் போனேன். மறுவீட்டுக்கு வந்திருந்த அந்தப் பெண் வாசலுக்கு வந்து, "வாங்க மாமா" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தாள். காபி கொடுத்தார்கள், குடித்தேன். மத்தியானம் பீரோவைத் திறந்து புத்தகங்களை அடுக்கினோம்.